ஈரமான பெட்ஷீட்: கொடைக்கானல் வாடகை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"ரூம் சுத்தம், ஜன்னலைத் திறந்தால் மலை, எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் பெட்ஷீட் ஈரமாக இருந்தது, பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை." ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிப்போன சென்னைக் குடும்பம் எழுதிய ரிவ்யூ இது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். கோபமாகக்கூட எழுதவில்லை, அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள் அந்தக் குளிரில் ஈரத் துணியில் புரண்டுகொண்டிருந்திருக்கிறார்கள், அதை விரித்துக் கொடுத்தது நாங்கள்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வருடம் செய்து பார்த்ததை முழுசாக எழுதிவைக்கிறேன். மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மழைக்காலத்தில் துணி காயாத எந்த ஊர்க்காரருக்கும் பாதியாவது பொருந்தும்.

வீடும் அன்றைய ஏற்பாடும்

வில்பட்டி போகும் சாலையில் என் சித்தப்பாவின் வீடு. அவர் மதுரையோடு இருந்துவிட்டார், வீட்டை வாடகைக்கு விட்டு நடத்துவது நான். மூன்று படுக்கையறை, மூன்றிலும் கிங் சைஸ் கட்டில், தனித்தனி பாத்ரூம். கூடுதல் ஆள் வந்தால் போட இரண்டு மெத்தை. சுத்தம் செய்ய ஒரு அக்கா, சனி ஞாயிறு மட்டும் கூட அவர் மருமகள். அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல், அதற்கு முன் ஊருக்குள் ஒரு லாட்ஜில் பல வருடம் ரூம் வேலை பார்த்தவர். என்னைவிட அவருக்கு இந்த வேலை நூறு மடங்கு தெரியும், ஆனால் நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. இது பின்னால் வரும்.

துணியெல்லாம் கீழே போய்க்கொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் மலையடிவாரத்து லாண்ட்ரி ஒன்றிலிருந்து வேன் வந்து அழுக்கு மூட்டையை எடுத்துக்கொண்டு வெளுத்த மூட்டையைப் போட்டுவிட்டுப் போகும். ஒரு கட்டிலுக்கு இரண்டு செட் வைத்திருந்தேன், ஒன்று கட்டிலில், ஒன்று லாண்ட்ரியில். அப்போது அது போதும் என்று நினைத்தேன்.

அந்த சனிக்கிழமை

கொடைக்கானலில் விருந்தினர் வருகிற நேரம் மற்ற ஊர் மாதிரி இருக்காது. சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறுகிறவர்கள் விடியற்காலையில் கொடைரோட்டில் இறங்கி, டாக்ஸி பிடித்து, எட்டு மணிக்கெல்லாம் வாசலில் நிற்பார்கள். காரில் வருகிறவர்களும் ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்து காலையில் கண் சிவந்து நிற்பார்கள். செக்-இன் ஒரு மணி என்று எழுதியிருந்தாலும் குழந்தையோடு நிற்கிறவரை வெளியே நிறுத்த மனசு வராது. உள்ளே இருக்கிறவர்களோ பதினொன்றுக்குத்தான் கிளம்புவார்கள்.

அந்த வாரம் தொடர்ந்து மழை. வெள்ளிக்கிழமை வரவேண்டிய வேன் சனிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. மூட்டையைப் பிரித்தால் பெட்ஷீட்டின் ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறது, மடிப்பின் நடுவில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது காயல. நடுவுல ஊமை ஈரம் இருக்கு" என்றார். சோபாவில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். வேறு செட் இல்லை. "போட்டுடுங்கக்கா, ஹீட்டர் போட்டா சரியாயிடும்" என்று நான்தான் சொன்னேன்.

ரிவ்யூ வந்ததும் நான் செய்த முதல் காரியம் லாண்ட்ரிக்காரரிடம் சண்டை போட்டது. அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது, சீசன் வாரத்தில் மலை முழுக்கத் துணி அவரிடம்தான் போகிறது, அவரும் மடித்துக் கட்டியாக வேண்டும். லாண்ட்ரியை மாற்றினேன். அடுத்தவரிடம் துணி காய்ந்துதான் வந்தது. ஆனால் நவம்பரில் இன்னொரு விருந்தினர், இந்த முறை நேரிலேயே, "போர்வை கொஞ்சம் ஈரமா இருக்கே" என்றார். அப்போதுதான் விஷயம் லாண்ட்ரியோடு முடியவில்லை என்று புரிந்தது.

தராசில் வைத்துப் பார்த்தது

ஒரு பெட்ஷீட்டை நன்றாக அயர்ன் செய்து, சூடு ஆறுவதற்குள் சமையலறைத் தராசில் வைத்தோம், 900 கிராம். அதே பெட்ஷீட்டை அலமாரியில் மற்றவற்றோடு அடுக்கி நான்கு நாள் கழித்து எடுத்து வைத்தோம், 1,030 கிராம். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அலமாரி கதவு மூடித்தான் இருந்தது. 130 கிராம் தண்ணீர் காற்றிலிருந்து ஏறியிருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு சின்ன டம்ளர்.

பருத்தியின் குணம் இது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போதே பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீத ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும், காற்று ஈரமாக ஆக அது ஏறிக்கொண்டே போகும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. எங்கள் அலமாரி இருந்ததோ வடக்குப் பக்கச் சுவரில், அந்தப் பக்கம் வெயிலே படாது, சுவருக்கு வெளியே பாசி. உள்ளே ஈரப்பதமானி ஒன்றை வைத்தேன், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சின்னது. 90-க்கு மேல் காட்டியது, மழை நாளில் 94. அந்த அலமாரியில் எவ்வளவு காய்ந்த துணியை வைத்தாலும் நான்கு நாளில் இந்த நிலைதான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நம் தோலுக்கு ஈரத்தைத் தனியாக உணர்கிற நரம்பு கிடையாது. குளிர்ச்சியையும் துணி ஒட்டுகிற விதத்தையும் சேர்த்து மூளைதான் "ஈரம்" என்று முடிவு செய்கிறது. பத்து டிகிரியில் கிடக்கிற காய்ந்த பெட்ஷீட்டின் மேல் சட்டென்று முதுகை வைத்தால் அது ஈரமாகத்தான் தெரியும். கொடைக்கானல்காரர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை, பழகிவிட்டது. சென்னையிலிருந்து வருகிறவருக்கு அது புதுசு. அதனால் அவர் சொல்வது பொய் ஆகிவிடாது, தூக்கம் போனது நிஜம்.

மூன்றாவது காரணத்தைத் தேடிப் போகவில்லை, தானாக வந்தது. தராசு வேலையெல்லாம் முடிந்த வாரம் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கருப்புப் புள்ளிகள், பூஞ்சை. கட்டில்கள் பெட்டிக் கட்டில், அடியில் முழுப் பிளைவுட் பலகை, காற்று போக ஒரு துளைகூட இல்லை. ராத்திரி உடம்பிலிருந்து இறங்குகிற வெதுவெதுப்பான ஈரம் மெத்தைக்குள் இறங்கி, அடியில் குளிர்ந்த பலகையில் தங்கிவிடுகிறது. தச்சரை வைத்துப் பிளைவுட்டை எடுத்துவிட்டு இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தோம். இரண்டு மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இப்போது விருந்தினர் இல்லாத நாளில் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து ஜன்னலைத் திறந்து விடுகிறோம். தண்ணீர் இறங்காத, ஆனால் காற்றுப் போகிற மெத்தை உறை ஒன்று எப்போதும் மேலே இருக்கும். ரப்பர் ஷீட் மாதிரி முழுக்க மூடுகிற உறையை மலையில் போடாதீர்கள், உள்ளே வேர்த்து அதுவே ஈரமாகிவிடும்.

காய வைக்கும் அறை

துவைப்பதை வீட்டுக்கே கொண்டுவந்தோம். முடிவெடுக்கும் முன் ஒரு ரூம் துணியை எடை போட்டேன்: பெட்ஷீட் 900 கிராம், ரஜாய் என்கிற கனமான பஞ்சுப் போர்வையின் உறை 1.6 கிலோ, தலையணை உறை நான்கும் சேர்த்து அரை கிலோ, பெரிய டவல் இரண்டு 900 கிராம், கை துடைக்கும் டவலும் பாத்ரூம் கால் மிதியும் அரை கிலோ. ஆக 4.4 கிலோ. மூன்று ரூமும் ஒரே நாளில் காலியானால் 13 கிலோவுக்கு மேல். எட்டு கிலோ மெஷின் என்று எழுதியிருந்தாலும் பெட்ஷீட்டை ஐந்து கிலோவுக்கு மேல் போட்டால் ஒன்றோடொன்று சுற்றி உருண்டையாகிவிடும், நடுவில் சோப்பே போகாது. ஆக மூன்று தடவை ஓட வேண்டும், 60 டிகிரியில் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒரு நாளே போய்விடும்.

துவைப்பது அதோடு முடிந்துவிடும். கஷ்டம் காய்வதில்தான். சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899-ல் ஆய்வகம் அமைத்த ஊர் இது, வானம் தெளிவாக இருக்கிற காலை இங்கே நிஜமாகவே நல்ல வெயில். ஆனால் எங்கள் பக்கம் அக்டோபரில் ஏழு மணிக்கு வருகிற வெயில் பதினொன்றரைக்குள் பனிமூட்டத்தில் போய்விடும், மழை வாரத்தில் அதுவும் கிடையாது. கொடியில் போட்ட பெட்ஷீட் மாலையில் காலையைவிட ஈரமாக இருந்த நாள் உண்டு.

டிரையர் வாங்கலாமா என்று நிறைய யோசித்தேன். சூடாக்கிக் காயவைக்கிற சாதாரண டிரையர் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், எங்கள் பக்கம் மாலை ஆனால் வோல்டேஜ் இறங்கிவிடும், கீஸர் மூன்றும் அதே நேரத்தில்தான் ஓடும். கடைசியில் வாங்கியது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம், டீஹியூமிடிஃபையர் என்கிறார்கள். எங்களுடையது 400 வாட்டுக்குள் ஓடுகிறது. எட்டுக்குப் பத்து அடி ஸ்டோர் ரூமைக் காலி செய்து, ஜன்னலை அடைத்து, மேலே ஆறு வரிசை கம்பி கட்டி, ஒரு டேபிள் ஃபேனும் வைத்தோம். ராத்திரி துணியைப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அதன் தொட்டியில் சேர்ந்த தண்ணீரை அளந்தேன். மெஷினில் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் பிழிந்த ஐந்து கிலோ துணி ஏறக்குறைய இரண்டரை லிட்டர் தண்ணீரோடு வெளியே வருகிறது, காலையில் தொட்டியிலும் அவ்வளவுதான் இருந்தது. இதில் ஒரு விஷயம், பிழிவதைக் குறைக்காதீர்கள். 800 சுற்றில் பிழிந்தால் ஒரு லிட்டர் கூடுதலாகத் துணியிலேயே நிற்கும், அதை இயந்திரம் உறிஞ்ச இன்னும் சில மணி நேரம். அறை ரொம்பக் குளிர்ந்திருந்தாலும் இந்த இயந்திரம் மந்தமாகிவிடும், அதனால் கதவு மூடியிருக்க வேண்டும், அது விடுகிற சூட்டிலேயே அறை கொஞ்சம் ஏறிக்கொள்ளும்.

காய்ந்த துணி அங்கேயே தங்குகிறது. வடக்குச் சுவர் அலமாரியை விட்டுவிட்டோம். அதே ஸ்டோர் ரூமின் உள்சுவரில் கதவில்லாத தட்டுகள், சுவரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி. ஈரப்பதமானி அங்கே 55-க்கும் 60-க்கும் இடையில் நிற்கிறது. விருந்தினர் வருகிற அன்றுதான் துணி ரூமுக்குப் போகும், முந்தின நாளே பெட் போட்டு வைப்பதில்லை.

குளிர்ச்சிக்கு வேறு வழி. வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ரூம் ஹீட்டர், போர்வையைப் பாதி மடக்கிவிட்டு, படுக்கைக்குச் சூடு படுகிற மாதிரி, ஆனால் துணியிலிருந்து நான்கடி தள்ளி, ஆள் வீட்டில் இருக்கும்போது மட்டும். ராத்திரி கேட்கிறவர்களுக்குத் துணி உறை போட்ட வெந்நீர் பை. குழந்தை இருந்தால் கேட்காமலே கொடுக்கிறோம்.

எத்தனை செட், என்ன துணி

ஹோட்டல் தொழிலில் மூன்று செட் என்பார்கள், கட்டிலில் ஒன்று, வெளுக்க ஒன்று, தட்டில் ஒன்று. வெயில் ஊருக்கு அது சரி. எங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆள் மாறும், மூன்று நாளில் மூன்று செட் அழுக்காகும், முதல் நாள் துவைத்தது மறுநாள் மதியத்துக்குத்தான் தயார், ஒன்று கறையோடு ஊறிக்கொண்டிருக்கும். அதனால் கட்டிலுக்கு ஐந்து. டவல் ஆறு, ஏனென்றால் டவல்தான் கடைசியாகக் காய்கிறது.

வாங்கியது கரூரில். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்குப் பேர் போன ஊர், ஆர்டரில் மிஞ்சியதும் கிடைக்கும், அளவு சொல்லித் தைத்தும் வாங்கலாம். எங்கள் மெத்தை 72-க்கு 78 அங்குலம், எட்டு அங்குலம் கனம். அகலத்துக்கு 72, இரண்டு பக்கக் கனம் 16, அடியில் சொருக இரண்டு பக்கமும் பத்து பத்து, ஆக 108. பருத்தி முதல் சில வெளுப்பில் சுருங்கும், ஐந்து சதவீதம் சுருங்கினாலே 108 என்பது 103-க்கு வந்துவிடும், பக்கத்துக்குச் சொருகல் ஏழரை அங்குலம்தான் மிஞ்சும், விருந்தினர் திரும்பிப் படுத்தால் கழன்றுவிடும். முதல் தடவை இதை யோசிக்காமல் வாங்கி ஆறு பெட்ஷீட்டை டபுள் கட்டில் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். இரண்டாவது தடவை 114 அங்குலம் கேட்டுத் தைத்து வாங்கினோம்.

முழுப் பருத்தி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவன் நான். தராசுக்குப் பிறகு விட்டுவிட்டேன். இப்போது பெட்ஷீட் 60-க்கு 40 பருத்தி பாலியஸ்டர் கலவை, முகம் படுகிற தலையணை உறை மட்டும் முழுப் பருத்தி. நூல் எண்ணிக்கை, அதாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை நூல் என்பது, 200-ஐ ஒட்டியது போதும், 400, 600 என்று விற்பது கனமாக இருக்கும், காய நேரம் எடுக்கும். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்ததை வாங்கவில்லை, அடிக்கடி 60 டிகிரியில் துவைத்தால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், மடிப்பதும் வேதனை. எல்லாம் வெள்ளை. கலர் பெட்ஷீட் அழுக்கை மறைக்கும் என்பார்கள், ஆனால் வெள்ளையில்தான் கறை நம் கண்ணுக்கு விருந்தினருக்கு முன்னால் படும்.

ரஜாய் உறையை நிறுத்தியதுதான் பெரிய மாற்றம், இதை அக்கா சொன்னார். லாட்ஜில் அப்படித்தானாம்: கீழே ஒரு பெட்ஷீட், அதன் மேல் போர்த்திக்கொள்ள ஒன்று, அதற்கு மேல் ரஜாய், ரஜாய்க்கு மேல் இன்னொன்று, தலைமாட்டில் நடுத்துணியை ஒரு முழம் வெளியே மடித்துவிட வேண்டும். ரஜாய் விருந்தினர் உடம்பில் படவே படாது. துவைக்கும் எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உறை என்பது பை, இரண்டு அடுக்கு, நான்கு மூலையும் காயவே காயாது. தனித் துணி என்றால் ஒரே அடுக்கு, சீக்கிரம் காயும். அதோடு ரஜாயைப் பிடித்து உறைக்குள் திணிக்கிற வேலை போனது, ஒரு ரூமுக்குப் பத்து நிமிடம் மிச்சம், அக்காவின் தோள்வலிக்கும் நல்லது.

பெட்ஷீட்டின் ஒரு மூலையில் நூலால் தையல் அடையாளம் போட்டோம், சிவப்பு கிங், நீலம் கூடுதல் மெத்தைக்கு. விரித்துப் பார்த்து மடிக்கிற வேலை நின்றது.

கறைகள்

இந்த ஊருக்கென்று சில கறைகள் உண்டு. முதலில் சாக்லேட், எல்லோரும் வாங்குவார்கள், எல்லாக் குழந்தையும் கட்டிலில் வைத்துத்தான் தின்னும். காய்ந்ததைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீரை முதுகுப் பக்கமாக விட்டு, அப்புறம்தான் சோப்பு. தேய்த்தால் உள்ளே போகும். அடுத்தது யூகலிப்டஸ் தைலம். கறை போய்விடும், வாசம் தலையணையில் நிற்கும், அதனால் தலையணைக்கு உள்ளுறை ஒன்று, வெளியுறை ஒன்று என்று இரண்டு போடுகிறோம்.

புதுசாகக் கல்யாணமானவர்கள் நிறைய வருகிற ஊர். மஞ்சள், குங்குமம், மருதாணி மூன்றும் வரும். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், அலசினால் திரும்ப மஞ்சளாகும். அது வெயிலுக்குத்தான் கட்டுப்படும், அதனால் மஞ்சள் பட்டதைத் துவைத்துத் தனியாக வைத்திருந்து, ஜனவரியில் நல்ல வெயில் வந்ததும் இரண்டு மூன்று நாள் கொடியில் போடுகிறோம். மருதாணி பிடித்துக் காய்ந்தால் எங்களுக்குப் போனதே இல்லை, அந்தத் துணியை மெத்தை உறைக்கு மேல் விரிக்கிற அடித்துணியாக மாற்றிவிடுவோம். ரத்தம் என்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும், வெந்நீர் பட்டால் அப்படியே வெந்து ஒட்டிக்கொள்ளும். மருந்துக் கடையில் கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டால் நுரைத்துக்கொண்டு வந்துவிடும். மாதவிலக்குக் கறையைப் பார்த்து விருந்தினருக்கு மெசேஜ் அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குளோரின் ப்ளீச்சை நிறுத்திவிட்டோம். நூலை அரிக்கிறது, அதோடு வீட்டுத் தண்ணீரெல்லாம் செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது, அங்கே வேலை செய்கிற பாக்டீரியாவை அது கொல்லும். ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கிற சோடியம் பெர்கார்பனேட் தூளை வெந்நீரில் கரைத்து இரண்டு மணி நேரம் ஊறவைக்கிறோம். டவலுக்குக் கம்ஃபர்ட் மாதிரி மென்மைத் திரவம் போடுவதில்லை, போட்டால் டவல் தண்ணீரை உறிஞ்சாது.

இதைவிட முக்கியம் ஒன்று. ஒருநாள் அக்கா பாத்ரூமில் ப்ளீச் ஊற்றி வைத்திருந்தார், அது தெரியாமல் மருமகள் அதன் மேல் ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தை ஊற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளிருக்கு ஜன்னல் மூடியிருந்தது. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள், அன்று முழுக்க அந்தப் பெண்ணுக்குத் தொண்டை எரிந்தது. நான் ஒரு நாளாவது இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும். வீட்டில் இப்போது ப்ளீச் பாட்டிலே கிடையாது.

பதினொன்றிலிருந்து ஒன்று வரை

இரண்டு பேர், மூன்று ரூம், இரண்டு மணி நேரம். ஒரு ரூமுக்கு நாற்பது நிமிடம் கிடைக்கிறது. உள்ளே போனதும் ஜன்னல், அடுத்தது எல்லாக் கட்டிலின் துணியையும் உருவுவது, உருவும்போதே சார்ஜர், மோதிரம், குழந்தையின் சாக்ஸ் இருக்கிறதா என்று உதறிப் பார்ப்பது. கறையை அப்போதே பிரித்து வாளியில் போட்டுவிடுகிறோம், மூட்டையாகக் கட்டி மறுநாள் பிரித்தால் கறை பிடித்துவிடும். பெரிய சேதம் என்றால் போட்டோ, ஏர்பிஎன்பி வழியாக வந்த புக்கிங்கில் விருந்தினர் கிளம்பிய 14 நாளுக்குள் கேட்டாக வேண்டும். இதுவரை ஒரு கம்பளி தீயில் பொசுங்கியதற்கு மட்டும் கேட்டிருக்கிறேன்.

பாத்ரூமில் தண்ணீர் விடுவதற்கு முன் முடியை உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும், நனைந்துவிட்டால் ஒட்டிக்கொண்டு வராது. கழிவறைக்குச் சிவப்புத் துணி, வாஷ்பேசினுக்கு மஞ்சள், ரூமுக்கு நீலம், ஒன்று இன்னொன்றுக்குப் போகக் கூடாது. கெட்டிலைத் திறந்து பார்க்க மறக்கக் கூடாது, அதில் முட்டை வேகவைப்பார்கள், பால் காய்ச்சுவார்கள், மேகி செய்வார்கள். சமையலறைச் சாவியைக் கொடுத்த பிறகு அது குறைந்தது.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் என்கிற ஆன்லைன் அனுமதி வேண்டும் என்பதால், எடுத்துவிட்டார்களா என்று முந்தின நாள் எல்லோருக்கும் மெசேஜ் போடுகிறோம். அதிலேயே எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றும் கேட்டுவிடுகிறோம். எட்டு மணி என்கிறவர்களுக்கு ஹாலில் காபி, குளிக்கத் தனி பாத்ரூம், பையை வைக்க இடம். ரூம் ஒரு மணிக்குத்தான் என்று முன்கூட்டியே தெரிந்தால் யாரும் கோபப்படுவதில்லை, ஏரியைச் சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கூலி

அன்று ஈரத் துணி கட்டிலுக்குப் போனதற்கு நான் சொன்ன வார்த்தை ஒரு காரணம். இன்னொன்று, அக்காவுக்கு ரூம் கணக்கில் கூலி. ரூம் முடிந்தால்தான் காசு. காயவில்லை என்று தெரிந்தும் அவர் எவ்வளவு நேரம் வாதாடுவார்? பருவம் இல்லாத ஜூலையில் அவருக்கு வருமானமே இல்லை, அக்டோபரில் குனிந்த முதுகு நிமிராது.

மாதச் சம்பளமாக மாற்றினோம். செவ்வாய், புதன் விடுமுறை. துவைக்கிற வேலை வீட்டுக்கு வந்ததால் லாண்ட்ரிக்குப் போன பணத்தில் பாதி மருமகளின் சம்பளமாயிற்று, வாரம் நான்கு நாள் அவர் வேலை துணி மட்டும். மீதிப் பாதியில் மின்சாரமும் சோப்பும் போக, மெஷினும் உறிஞ்சும் இயந்திரமும் போட்ட முதலை எடுக்க இரண்டு சீசன் ஆகும் என்று கணக்கு. அதோடு ஒன்று எழுதி ஒட்டினேன்: எந்தத் துணியையும் வேண்டாம் என்று ஒதுக்க அக்காவுக்கு உரிமை உண்டு, என்னைக் கேட்க வேண்டியதில்லை. அவர் தராசெல்லாம் பார்ப்பதில்லை. மடிப்பின் நடுவில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். சந்தேகத்துக்குப் பலமுறை நான் தராசில் போட்டுப் பார்த்தேன், அவர் ஒதுக்கிய எதுவும் 960 கிராமுக்குக் கீழே இருந்ததில்லை.

இன்னும் சரியாகாதவை

அடுத்த வருட ஆயுத பூஜையில் மூன்று ரூமும் நான்கு நாள் நிரம்பியிருந்தது, மழையும் இருந்தது. ஈரம் என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிறு ராத்திரி மட்டும் கரண்ட் ஐந்து மணி நேரம் போய், ஸ்டோர் ரூமில் கொடி நிறையத் துணி அப்படியே நின்றது. தட்டில் இருந்த ஐந்தாவது செட் அன்றைக்குக் கைகொடுத்தது, திங்கள் காலையில் தட்டு காலி.

ஏப்ரல், மே வேறு கதை. அப்போது வெயில் இருக்கிறது, தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வாங்கித்தான் துவைக்கிறோம். இரண்டு ராத்திரி தங்குகிறவர்களுக்கு டவல் தினமும் மாற்றுவதை நிறுத்திவிட்டு, வேண்டுமானால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டோம், பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. மெஷினின் கடைசி அலசல் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அடுத்த தடவையின் முதல் துவைப்புக்கு ஊற்ற முடியுமா என்று பிளம்பரிடம் கேட்டிருக்கிறேன். டிரம்முக்கு நேராக ஊற்ற முடியாது, தனி பம்ப் வேண்டும் என்கிறார். இப்போதைக்கு அந்தத் தண்ணீர் தரை துடைக்கப் போகிறது.